பெண்ணழைப்பில் பொரி தின்ற மாதையன்

போன வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். தர்மபுரி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் நேராக என்னிடம் வந்து, "நம்ம மாதையன் தவறிட்டாருங்க" என்றார். எந்த மாதையன் என்று கேட்டேன். எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு மாதையன் தலையில்தான் விழும். அவர் கொஞ்சம் தயங்கி, "பேண்டு மாதையனுங்க. நீங்க பொரிமூட்டைன்னு கூப்பிடுவீங்களே, அவருதான்" என்றார். அடக் கடவுளே என்று தூபக்காலைக் கீழே வைத்தேன். முதல் நாள் ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் விடியும்போது இல்லையாம். கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் வாசிப்பைக் கேட்டவர்களாக இருப்பீர்கள். தர்மபுரி உசேன் பாய் பேண்டில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்தப் பெரிய பித்தளைக் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நடந்து வருவாரே, அவர்தான். அவருக்குப் பொரிமூட்டை என்று பெயர் வைத்தவன் நான். எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியில் வைத்த பெயர் ஏரியூர் வரைக்கும் போய்ச் சேர்ந்ததற்கும் என் வாய்தான் காரணம். அந்தப் பெயர் பொய் என்பது அவர் செத்துக் கிடந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். எழுதாமலிருந்தால் இன்னும் கேவலம் என்பதால் எழுதுகிறேன்.

சாவு வீட்டில் நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தலுக்கடியில் பெஞ்சு போட்டு ஊரார் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் நாலு பேரைக் கண்டால் வாய் சும்மா இருக்காதே. "எங்கல்யாணத்துல இவரு செஞ்ச கூத்து தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். பசி பொறுக்காமல் வாத்தியத்துக்குள் பொரியை ஒளித்து வைத்திருந்ததையும், அது கீழே கொட்டியதும் மண்ணோடு அள்ளித் தின்றதையும் கை கால் ஆட்டி நடித்துக் காட்டினேன். செத்தவரைப் பற்றி அன்பாகப் பேசுகிறோம் என்றுதான் நினைத்தேன். நாலைந்து பேர் சிரிக்கவும் செய்தார்கள். அவர் மகன் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. அப்போது உசேன் பாய் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "எழுந்து வாங்க தம்பி" என்று பக்கத்திலிருந்த பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பத்து வருசமா இந்தக் கதையை உங்க வாயால கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னிக்கும் கேட்கணும்னு என் தலையெழுத்தா?" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பட்டறையில் நின்றுகொண்டு பாய் சொன்னதைத்தான் இனி சொல்லப் போகிறேன். நான் கண்ணால் பார்த்த பாதியையும் அதோடு சேர்த்துக்கொள்கிறேன்.

உசேன் பாய் பேண்டில் இருந்தவர்கள் யாருக்கும் வாத்தியம் மட்டுமே பிழைப்பல்ல. பாய் தையல்காரர். கிளாரினெட் வாசிப்பார், எல்லாருக்கும் சிவப்புக் கோட்டும் அவரே தைத்தார். மாதையன் கடைவீதியில் ஓட்டைக் குடத்துக்குப் பற்ற வைத்து, அண்டாவுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தவர். அடி வாங்கிய அந்தக் குழலையும் அவரே தட்டி நிமிர்த்தி, பற்றாசு வைத்து ஊத வைத்தார். ஒருமுறை நான் அவரைச் சீண்டுவதற்காக, "என்னய்யா, மத்தவனெல்லாம் பாட்டு வாசிக்கிறான், நீ மட்டும் பூம் பூம்னு மாடு மாதிரி கத்தறே?" என்று கேட்டேன். "எனக்குப் பாட்டு கெடையாதுங்க. அவங்க பாட்டு வாசிக்கறப்ப காலடி தடுமாறாம பார்த்துக்கறதுதான் என் வேலை" என்றார். அப்போது அதையும் ஒரு வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

என் கல்யாணம் உலக யுத்த காலத்தில் நடந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய சமயம். சாயங்காலம் பெண்ணழைப்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். உசேன் பாய் பேண்டுதான் வேண்டுமென்று நான் ஒற்றைக்காலில் நின்று ஏற்பாடு செய்திருந்தேன். அந்த பேண்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்யாண வீட்டுக்கு வாக்குக் கொடுத்த நாளில் சாவு வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய இடமானாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் எங்கள் ஆத்தா, அதாவது என்னைப் பெற்றவள், அவர்களை வரவழைக்கச் சம்மதித்தாள்.

பெண்ணழைப்புக்கு முதல் நாள் ராத்திரி நல்லம்பள்ளியில் ஒரு தானிய வியாபாரி காலமாகிவிட்டார். நல்ல வயசாளி, பேரன் பேத்தி எடுத்தவர். பேண்டு தொடங்கிய புதிதில் இவர்களை யாரும் சீந்தாதபோது, தன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டுச் சபை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தவர் அவர். "என்னைக் கடைசியா உசேன் பாய் பேண்டுதான் கொண்டுபோய்ச் சேர்க்கணும்" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாராம். விடிவதற்குள் மூத்த மகன் வந்து பாய் வீட்டு வாசலில் நின்று அழுதிருக்கிறார். "முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை தம்பி" என்றார் பாய். மற்றவர்கள் முனகியபோது மாதையன்தான் சமாதானம் சொல்லியிருக்கிறார். "செத்தவரை நாளைக்கு வரோம்னு நிறுத்தி வைக்க முடியுமா பாய்? காலையில இவரை அனுப்பிட்டு, குளிச்சு முழுகிட்டு அங்க போவோம். ரெண்டு பேருக்கும் கொறை வெக்காம வாசிச்சிட்டாப் போச்சு."

கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். சிவப்புக் கோட்டுகளைச் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. மூட்டையாகக் கட்டி பஸ் நிற்குமிடத்தில் தெரிந்த கடையில் வைத்துவிட்டு, வேட்டியோடு போய் வாசித்தார்கள். மண்டையைப் பிளக்கும் வெயிலில் சுடுகாடு வரைக்கும் நடந்தார்கள். கல்யாணச் சாவு என்பதால் வழியெல்லாம் பொரியும் காசும் வாரி இறைத்தார்களாம். எல்லாம் முடிந்து வாசிப்பை நிறுத்தியபோது, கூடையில் மிச்சமிருந்ததை ஒரே வீச்சாக வீசிவிட்டார்கள். மாதையன் குழலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி அந்தப் பெரியவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். குழலின் வாயோ ஆகாயத்தைப் பார்த்த அகலமான வாய். உள்ளே போய் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஏரியில் இறங்கி எல்லாரும் முழுகினார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து வாத்தியங்களைத் துடைத்தார்கள். பாய் தன் வழியில் தொழுதுகொண்டார். "கழுவ வேண்டியதையெல்லாம் கழுவினோம் தம்பி. கொழலுக்குள்ள கொடல் மாதிரி நாலு சுத்து இருக்கு. அதுக்குள்ள எதுனா கெடக்கும்னு யாருக்குத் தோணும்?" என்றார். பஸ் வழியில் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு எங்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்த வேகத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

இனி நான் பார்த்தது. பெண் வீட்டார் ஏரியூர்க்காரர்கள். மேட்டுக்காட்டில் கம்பும் கொள்ளும் விதைத்துப் பிழைக்கிறவர்கள். மணப்பெண் காவேரியை வில்வண்டியில் உட்கார வைத்து எங்கள் ஊர் எல்லைப் பிள்ளையார் கோவில் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பெண்ணழைப்புக்கு மாப்பிள்ளை வரக்கூடாது என்பார்கள். நான் யார் பேச்சைக் கேட்டேன்? கூட்டத்தோடு கூட்டமாக முன்னால் போய் நின்றேன். ஆரத்தித் தட்டோடு எங்கள் ஆத்தா வண்டிக்கு எதிரே நின்றாள். அவளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சகுனம் என்றால் அவளுக்கு உயிர். அதற்கு முந்தின வருஷம், நிச்சயதார்த்தத் தட்டு மாற்றுகிற நேரத்தில் யாரோ ஒற்றைத் தும்மல் தும்மினார்கள் என்பதற்காக எனக்குப் பார்த்த ஒரு சம்பந்தத்தையே முறித்துக்கொண்டு எழுந்து வந்தவள். ஊர் எல்லை வரைக்கும் வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அப்புறம் அவளை எவன் கட்டுவான்? அந்தக் கவலையெல்லாம் ஆத்தாவுக்குக் கிடையாது. அவள் முன்னால் நின்று எதிர்த்துப் பேசும் தைரியம் எனக்கும் அன்றைக்குக் கிடையாது.

பாய் கையைத் தூக்கிக் காட்டினார். பேண்டு முழங்கியது. மாதையன் குழலிலிருந்து மட்டும் தொண்டை கட்டின மாதிரி ஒரு கரகரப்பு வந்தது. இன்னொரு முறை ஊதினார். அதே கரகரப்பு. குழலுக்குள் எச்சில் தண்ணீர் தேங்கினால் பேண்டுக்காரர்கள் செய்கிற காரியம் ஒன்றுண்டு. யோசிக்கவே மாட்டார்கள், கை தானாகச் செய்துவிடும். வாத்தியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். மாதையன் கவிழ்த்தார், தட்டினார். வண்டி மாடுகளின் முன்னால், எங்கள் ஆத்தாவின் காலடியில், பொலபொலவென்று பொரி கொட்டியது.

மேளம் நின்றுபோனது. ஆத்தா தட்டைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் போனாள். "ஏய்யா, பொரி எங்க வீசுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? காலையில எந்த வூட்டுல வாசிச்சிட்டு வர்றீங்க?" என்றாள். உசேன் பாய் கிளாரினெட்டைக் கீழே இறக்கினார். வண்டியோரம் நின்ற காவேரியின் அப்பா முகம் வெளுத்துப் போனது.

மாதையன் சிரித்தார். பல் எல்லாம் தெரியச் சிரித்தார். "ஆத்தா, கோவிச்சுக்காதீங்க. அது எம்பட பொரிங்க. காலையிலேர்ந்து பட்டினி. சந்தையில வாங்கி, பசங்க புடுங்கிக்குவானுங்கன்னு கொழலுக்குள்ள போட்டு வெச்சேனுங்க" என்றார். ஆத்தா நம்பவில்லை. முறைத்துக்கொண்டே நின்றாள். "சாவு வூட்டுப் பொரியை எவனாச்சும் திம்பானாங்க ஆத்தா?" என்று கேட்டுவிட்டு அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தார். புழுதியும் மாட்டுச் சாணித் தூளும் ஒட்டிய பொரியை இரண்டு கையாலும் கூட்டி அள்ளி, வாயில் போட்டு மென்றார். மறுபடி அள்ளினார். ஒரு பொரி விடாமல் பொறுக்கித் தின்று முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். ஆத்தாவின் முகம் மெல்ல மெல்ல இளகியது. "அட வயித்துக்குப் பொறந்தவனே! ஒரு நிமிசம் என் ஈரக்கொலையே நடுங்கிப் போச்சே" என்று சிரித்துவிட்டாள். கூட்டமே சிரித்தது. காவேரி வண்டியிலிருந்து இறங்கினாள்.

நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். "பேண்டுக்கு ஒரு பொரிமூட்டையும் கூடவே வந்திருக்குடா!" என்று கத்தினேன். பெயர் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஊர்வலம் நகர்ந்தபோது அவர் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "என்னய்யா, இன்னும் தேடறியா? வா, பந்தியில சோறே போடறோம்" என்று திரும்பிப் பார்த்துக் கேலி செய்தேன். அவர் பூட்ஸுக்கு அடியில், பொரியோடு விழுந்த சாவு வீட்டுக் காசு ஒன்று இருந்ததாம். அதை யாரும் பார்த்துவிடாமல் மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பாய் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் வந்து போகாத விசேஷம் இல்லை. வந்தால் முதல் காரியமாக நான் உள்ளே குரல் கொடுப்பேன்: "காவேரி, பொரிமூட்டை வந்திருக்குது, தட்டை எடுத்துக்கிட்டு வா!" தாம்பாளம் நிறையப் பொரியைக் குவித்து அவர் முன்னால் வைப்போம். விருந்தாளிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆத்தா அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லுவாள். அவர் சிரித்துக்கொண்டே கடைசிப் பொரி வரைக்கும் தின்பார். வேறொருவர் வீட்டுப் பந்தியில் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதிச் சோற்றுக்கு மேல் இறங்கவில்லை அவருக்கு. "என்னய்யா, எங்க வூட்டுலதான் வயிறு தொறக்குமா?" என்று இடித்தேன். "ஆமாங்க, அங்க மட்டும் தனி வயிறுங்க" என்றார்.

இதை நான் சொன்னபோதுதான் உசேன் பாய் பட்டறைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். "அன்னிக்கு ராத்திரி உங்க ஊர் வாய்க்காலோரம் கொடல் வெளிய வந்துடற மாதிரி வாந்தியெடுத்தான் தம்பி. அதுக்கப்புறம் அவன் வூட்டுக்குள்ள பொரி வந்ததில்லை. ஆயுத பூசைக்குக்கூட வாத்தியத்துக்கு முன்னால அவலைத்தான் வெப்பான். பொரி வாசம் பட்டாலே அவனுக்குக் கொமட்டும். உங்க வூட்டுல மட்டுந்தான் தின்னான். தின்னாத்தானே உங்க ஆத்தா நம்புவாங்க?"

பாய் இன்னொன்றையும் சொன்னார். எங்கள் முதல் குழந்தை பிறந்து சில மாதங்களில் காய்ச்சலில் போய்விட்டது. துக்கம் கேட்க மாதையன் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆத்தா எதுனா சொன்னாங்களாங்க? மருமவளை எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்வாள், அழுகிறாள் என்றேன். அந்த ஆளுக்குத் துக்கம் விசாரிக்கக்கூடத் தெரியவில்லையே என்று எரிச்சல்கூட வந்தது. அவரோ அங்கிருந்து நேரே பாயிடம் போய், "என்னாலதான் பாய், நான் கொட்டின பொரியாலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். குழந்தையைப் பறிகொடுத்தது நாங்கள். அந்தப் பழியை ஒரு மனுஷன் எங்களுக்குத் தெரியாமல் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு மட்டும் ஆத்தாவுக்கு உண்மை தெரிந்திருந்தால், அந்தப் பழி முழுவதும் காவேரி தலையில் விடிந்திருக்கும். மறுநாளே அவளை ஏரியூருக்கு வண்டியேற்றியிருப்பாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆத்தா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். என்னுடைய கல்யாணம் ஒரு அபசகுனமும் இல்லாமல் நடந்தது என்று சாகிற வரைக்கும் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "அவங்க போனப்புறமாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே பாய்?" என்று கேட்டேன். "நானும் அதைத்தான் மாதையங்கிட்டச் சொன்னேன் தம்பி. 'பாவம், அவரு சந்தோசமா சொல்லிக்கிட்டுத் திரியறாரு. நெசத்தைச் சொன்னா அவரு மொகம் சுருங்கிப் போயிடும் பாய், வேண்டாம்'னுட்டான்" என்றார் பாய்.

என் முகம் சுருங்கக்கூடாதாம். கடந்த தீபாவளிக்குக்கூட அவர் முன்னால் தாம்பாளத்தை வைத்துவிட்டு, "ஆகட்டும், ஆரம்பிக்கலாம்" என்று கைதட்டியவன் நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர் பிள்ளையிடம் பேசுவேன்? பாடை தூக்கும்போது ஒரு ஓரம் போய் நின்றேன். பேண்டு வாசித்தது. அந்தப் பெரிய குழலை எடுத்து ஊத ஆளில்லை. முன்னால் போனவர்களின் நடை தாறுமாறாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காவேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வண்டித் தெரைக்குள்ளேர்ந்து நான் பார்த்தேங்க. மெல்லறப்ப அவரு கண்ணுல தண்ணி வந்துச்சு. புழுதி பட்டிருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன்" என்றாள். பிறகு, "நீங்க கேலிதான் பண்ணுனீங்க. தட்டுல அள்ளி அள்ளிப் போட்டது நானுங்களே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாதையனை அறிந்தவர்களே, இனி அந்தப் பெயரால் அவரைப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லாவிட்டாலும் கேட்கிறேன். அவர் நினைவாக என்னிடம் படம் இல்லை, அவர் கைப்பட்ட சாமான் எதுவும் இல்லை. தினமும் கடையடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது, "வந்துட்டீங்களா?" என்று அடுக்களையிலிருந்து காவேரியின் குரல் வருகிறது. இந்த வீட்டில் அந்தக் குரல் கேட்பது மாதையனால்.